தறிக்கால் கயிறும் அரை மாத்திரையும்

என் மகளுக்கு இடது கணுக்காலில் ஒரு தழும்பு இருக்கிறது. கொலுசு போட்டால் மறைந்துவிடும். இப்போது அவளே பேத்தி எடுத்துவிட்டாள், கொலுசு போடுவதை விட்டுவிட்டாள், அதனால் காலை நீட்டி உட்காரும்போதெல்லாம் எனக்குத் தெரிகிறது. அந்தத் தழும்பை உண்டாக்கியவன் நான்தான்.

எனக்கு எழுத வராது. நான் சொல்கிறேன், வேறு ஒருவர் எழுதுகிறார். சொல்லும்போது நடுவில் எங்காவது போய்விடுவேன். திரும்பி வந்துவிடுவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டோ முப்பத்து மூன்றோ வயது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்போம். நான் நெய்தது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அதற்கு ஒரு ஆள் போதாது. உடலுக்கு, குறுக்கு இழை சுற்றிய நாடாவை நான் ஓட்டுவேன். வலது பக்கக் கரைக்குத் தனி நாடா, அதை ஓட்ட என் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். நான் ஒன்று ஓட்டினால் அவர் ஒன்று ஓட்ட வேண்டும். ஒரு முறை தவறினாலும் கரையும் உடலும் பிடிக்காமல் அந்த இடத்தில் சந்து விழும். எங்கள் தெருவில் வீட்டுப் பிள்ளைகள்தான் அந்த இடத்தில் உட்காரும், பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் கொஞ்சம், வந்த பிறகு கொஞ்சம். எனக்கு என் மகள். எட்டு வயது. ஒரே பிள்ளை.

அவள் உட்கார மாட்டாள்.

பத்து முறை ஓட்டுவாள். பதினோராவதுக்கு நான் திரும்பினால் நாடா மட்டும் கிடக்கும். வாசலில் ஐஸ் வண்டி மணி கேட்டிருக்கும், இல்லாவிட்டால் ஓட்டின் மேல் அணில் ஓடியிருக்கும். கூப்பிட்டால் வருவாள். வருகிற வழியில் வேறு எதையாவது பார்த்து அங்கே நின்றுவிடுவாள். கெட்ட பிள்ளை இல்லை. அடித்தால், "இனிமே எழுந்து போமாட்டேம்பா" என்று அழுவாள். மனசாரத்தான் சொல்வாள். கண்ணீர் காய்வதற்குள் எழுந்து போய்விடுவாள். அந்த வருஷம் மட்டும் நாலு சிலேட்டைத் தொலைத்தாள். வாத்தியார் என்னைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

"ஏம்பா, உம் பொண்ணு உக்கார்ற எடத்துல மட்டும் முள்ளு மொளைக்குதா?"

பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து அவளை அடிப்பேன். என் மனைவி ராட்டையில் பட்டு சுற்றிக்கொண்டிருப்பாள், அவள் மேலும் பாய்வேன். "வயித்துல இருக்கச்சே கிரகணத்தைப் பாத்திருப்ப நீ" என்பேன். அவள் ராட்டையை நிறுத்தாமல் சொல்வாள், "நான் பாக்கல. நீங்க பாத்தீங்களோ என்னவோ."

கயிறு கட்டலாம் என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தறியில் இழை தளர்ந்தால் இழுத்துக் கட்டுவோம். இழுத்துக் கட்டினால் நேராகிவிடும். இருபது வருஷமாக அதைச் செய்த கை. ஒருநாள் நூல் கயிற்றை எடுத்து அவள் கணுக்காலில் ஒரு முடிச்சு, தறிக்காலில் ஒரு முடிச்சு போட்டேன். முதல் நாள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். நாலாவது நாள் இழுத்து இழுத்துத் தோல் உரிந்தது. நான் மஞ்சளைக் குழைத்துப் போட்டு, கயிற்றைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டினேன்.

அந்த மாசத்தில்தான் பாவு விஷயம் நடந்தது. பாவு என்றால் நீளவாக்கில் போகிற இழைகள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் விடியற்காலையில் அதைத் தெரு நீளத்துக்கு மூங்கில் கால்களில் நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழையை எல்லாம் முடிச்சுப் போட்டு, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்ட வேண்டும். ஈரப் பாவை விட்டுவிட்டு ஒருவரும் நகர மாட்டோம். நகர்ந்தால் இழையோடு இழை ஒட்டிக்கொண்டு கட்டையாகிவிடும். வீட்டில் சாவு விழுந்தால்கூட, சுருட்டிவிட்டுத்தான் போவார்கள். யாருடைய பாவாக இருந்தாலும் அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் வந்து நிற்கும்.

அன்றைக்கு எதிர்வீட்டுக்காரருடைய பாவு. பக்கத்துத் தெருவில் கோவில் யானை போகிற மணி கேட்டது. என் மகள் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். சுற்றிக்கொண்டு போகவில்லை. ஈரப் பாவின் நடுவிலேயே ஓடினாள். மூங்கில் கால் ஒன்று சாய்ந்தது, அதைத் தொடர்ந்து அடுத்தது. கஞ்சியும் பட்டும் அவள் உடம்பைச் சுற்றிக்கொண்டன. அந்தக் கோலத்திலும் தெருக்கோடியைப் பார்த்து, "அப்பா, யானை போய்ட்சா?" என்று கேட்டாள்.

திட்டியிருந்தால் தேவலை. எதிர்வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து அறுந்த இழைகளைத் தேட ஆரம்பித்தார். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்தோம். மத்தியானம் வரைக்கும் ஒட்ட முடிந்ததை ஒட்டினோம்.

விஷயம் தென்னேரி வரைக்கும் போய்விட்டது. அங்கேதான் என் மனைவியின் அண்ணன், என் மச்சான், பயிர் செய்துகொண்டிருந்தார். அவர் சொல்லுக்கு எங்கள் இரண்டு பக்கத்திலும் மறுப்பு கிடையாது. மறுநாளே வந்துவிட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"மாப்ள, இது சேஷ்டை இல்ல. இது வேற. தெக்க ஒரு ஊர்ல பேய் புடிச்சவங்கள சங்கிலி போட்டு வெக்கறாங்க. நாப்பத்தெட்டு நாள். எங்க ஊர்ல ஒருத்தன் போய்ட்டு வந்தான், இப்ப வாயே தொறக்கறதில்ல, அவ்ளோ அடக்கம்."

"அண்ணா, அது கொழந்தைணா" என்றாள் என் மனைவி.

"கொழந்தைன்னுதான் இப்பவே சொல்றேன். பெரிசானா எவன் கட்டுவான்?"

அவள் அவர் காலைப் பிடித்து ஒரு மாசம் கேட்டாள். அவர் என் பக்கம் திரும்பினார். "அடுத்த அமாவாசைக்குள்ள உங்க பாவு தெருவுல நீட்டுவீங்க இல்ல? அன்னிக்கு வரேன். இவ அடங்கி இருந்தா சரி. இல்லன்னா அன்னிக்கே கூட்டிக்கினு போய்ட்றேன். அங்க கொண்டு போய் வுட்ற வரைக்கும் நானே பாத்துக்கறேன், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்."

நான் சரி என்று தலையாட்டினேன். அதைச் சொல்லாமல் விட முடியாது. அவர் போன பிறகு என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாவது நாள், பெரியம்மை வராமலிருக்க அம்மைப்பால் குத்துகிற நர்சம்மா தெருவுக்கு வந்தார். அந்தக் காலத்தில் அவர்கள் வீடு வீடாக வருவார்கள், பிள்ளைகள் பரணில் ஒளிந்துகொள்ளும். என் மகளால் ஒளிய முடியவில்லை. கட்டியிருந்தேன். நர்சம்மா கையைப் பிடிக்க வந்தவர் காலைப் பார்த்தார்.

"என்னாபா இது, கன்னுக்குட்டியா?"

"உக்கார மாட்டேங்குதுமா."

"உக்காராததுக்குக் கட்டுவியா? சரி, எதுவா இருந்தாலும் வர்ற வியாழக்கிழமை மெட்ராஸுக்குப் போ. பெரிய ஆஸ்பத்திரில கொழந்தைங்க மனசு பாக்கற டாக்டர் ஒருத்தர் உக்கார்றார். சீட்டு எழுதித் தரேன். போகலன்னா நான் திரும்பி வருவேன்."

மச்சானுக்குச் சொல்லாமல் போனோம். பஸ்ஸில் அவள் ஜன்னல் மாற்றி ஜன்னல், சீட்டு மாற்றி சீட்டு. கண்டக்டர், "இதுக்கு ஒரு டிக்கெட் பத்தாதுபா" என்றார். ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி ஓடியவளைப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் கண்டக்டர் இரண்டு தடவை விசில் ஊதிவிட்டார்.

ஆனால் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் அவள் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். டாக்டர் மேஜைமேல் மணிகளைக் கொட்டிக் கோர்க்கச் சொன்னார், கோர்த்தாள். பொய் சொல்கிறேன் என்று துரத்திவிடுவார், திரும்பிப் போனால் சங்கிலிதான் என்று பயந்தேன்.

"நடிக்கிதுங்க. வீட்ல இப்படி இல்லீங்க" என்றேன்.

"நடிக்கலப்பா. புது எடம், புது ஆள், எதிர்ல ஒருத்தன் இவளையே பாத்துக்கிட்டிருக்கேன். இந்த மாதிரிப் பிள்ளைங்க முதல் தடவை இப்படித்தான் இருக்கும். வெளிய உக்காந்திருங்க, அப்பறம் கூப்பிடறேன்."

வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரம். அதற்குள் எடை பார்க்கும் மெஷினில் ஏறி இறங்கினாள், ஒரு வயசானவரின் கைத்தடியை எடுத்துக்கொண்டு நடந்தாள், ஆயா தரை துடைக்க வைத்திருந்த வாளியைக் கவிழ்த்தாள். டாக்டர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். எனக்கு அது அப்போது தெரியாது.

மறுபடியும் உள்ளே கூப்பிட்டுக் கேள்வி மேல் கேள்வி. பிறந்தவுடன் அழுதாளா, வலிப்பு வந்ததா, காது கேட்கிறதா, எந்த வயசிலிருந்து இப்படி, வீட்டில் மட்டுமா பள்ளிக்கூடத்திலுமா. வாத்தியாரிடம் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார். அதற்குப் பிறகு, "நீங்க எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"ரெண்டாவதுக்குப் போனேங்க. நிறுத்திட்டாங்க."

"ஏன்?"

இதை அதற்கு முன்னால் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் ஓடுகிற பிள்ளை இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்கேயோ போய்விடுவேன். பேர் கூப்பிட்டால் காதில் விழாது. செவிடு என்று நினைத்து என் அப்பா மருந்து ஊற்றினார், காது புண்ணானதுதான் மிச்சம். அவர் சாயம் போடுகிறவர். பாலாற்றுத் தண்ணீரில் அலசிய பட்டுக்குத்தான் நிறம் நிற்கும் என்பார். பாதிச் சாயத்துக்கு வெளிர் நிறம், முழுச் சாயத்துக்கு அடர் நிறம். அவரோடு ஓரிக்கைப் பக்கம் ஆற்றில் நின்றதுதான் எனக்குப் பள்ளிக்கூடம். இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் நிறுத்தவில்லை. ஏதோ எழுதிக்கொண்டார். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கிரகணம் ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

அதற்குப் பிறகு டாக்டர் குனிந்து, "இது என்னம்மா கால்ல?" என்றார்.

"முள்ளுக் கிழிச்சிதுங்க" என்றேன் நான்.

"இல்ல, அப்பா தறிக்காலோட கட்டுவாரு. நான் ஓடிப் போய்டுவேன் இல்ல, அதுக்கு" என்றாள் என் மகள், கோபமே இல்லாமல்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல, திமிரும் இல்ல. இவளுக்கு ஒண்ணைக் கவனிக்கணும்னு ஆசை இருக்கு, அதுல நிக்க முடியல. மூளை வேலை செய்யற விதம் அப்படி. கட்டினா கால்தான் நிக்கும்." இங்கிலீஷில் ஒரு பேர் சொன்னார், நீளமான பேர். இப்போது அதற்கு வேறு பேர் வைத்திருக்கிறார்கள் என்று சொல்கிறார்கள்.

வாத்தியார் கடிதத்தோடு அடுத்த வாரம் போனபோது டாக்டர் மாத்திரை கொடுத்தார். காலையில் சாப்பிட்ட பிறகு அரை. அரைதான். பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும், கவனித்துக்கொள்ளுங்கள், கூடக் கொடுக்காதீர்கள் என்று மூன்று தடவை சொன்னார். மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம் என்றார். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், செய்தவுடன் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். கொஞ்ச நேரம் வேலை, அதற்குப் பிறகு ஓட விடுங்கள்.

கயிற்றை அவிழ்த்தேன். இருபது முறை நாடா ஓட்டினால் தெருக்கோடிப் பம்பைத் தொட்டுவிட்டு வரலாம் என்று வைத்துக்கொண்டோம். முதலில் போனவள் திரும்ப அரை மணி ஆனது. போகப் போகச் சீக்கிரம் வந்தாள். வாத்தியார் அவளை முன்பெஞ்சில் உட்காரவைத்து, சாக்பீஸ் எடுத்து வருவது, மணி அடிப்பது எல்லாம் அவளுக்கே கொடுத்தார். ஒருநாள் ஒரு முழம் கோர்வை சந்து இல்லாமல் வந்தது. நானும் அவளும் அதை விரலால் தடவிப் பார்த்தோம்.

ஆனாலும் அமாவாசை நெருங்க நெருங்க எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அரை மாத்திரையில் அவள் முன்னைவிட அடங்கியிருந்தாள், முழுக்க அடங்கவில்லை. யானை மணி கேட்டால் என்ன ஆகும்? என் பாவு நீட்டுகிற அன்றைக்கு மச்சான் விடிவதற்கு முன்பே வந்து, ஒரு நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டார். வெளியூர் போகிற பையோடு வந்திருந்தார். அந்தப் பையைப் பார்த்ததும் என் புத்தி என் அப்பாவின் சாயப் பானைக்குப் போய்விட்டது. அரைக்கு வெளிர், முழுசுக்கு அடர். என் மனைவி கஞ்சி வடித்துக்கொண்டிருந்தபோது, அவளுக்குத் தெரியாமல் இரண்டு அரையையும் சேர்த்துக் கொடுத்தேன்.

பாவு நீட்டினோம். கஞ்சி தடவ ஆரம்பித்தோம். என் மகள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஓடவில்லை. எழுந்திருக்கவில்லை. தெருவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் போனது.

"பொண்ணு திருந்திட்சிபா" என்றார் ஒருவர்.

"எந்த டாக்டரு? எம் பொண்டாட்டியையும் காட்டணும்" என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார், அந்த மாசத்தில் முதல் தடவையாக.

பக்கத்துத் தெருவில் யானை மணி கேட்டது. என் கை நின்றுவிட்டது. அவளைப் பார்த்தேன். அவள் தலையைத் திருப்பவே இல்லை.

கஞ்சி தடவுகிற தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டே அவளிடம் போனேன். உதட்டை நக்கி நக்கி உதடு வெடித்திருந்தது. ஒரு கையால் இன்னொரு கையின் நகக்கண்ணைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், ரத்தம் வந்திருந்தது. நெஞ்சில் கையை வைத்தேன். ஓடுகிற நாடா மாதிரி அடித்துக்கொண்டது.

"பாப்பா, யானை போவுதுடா."

"தெரியும்பா. எழுந்துக்க வரல."

மச்சான் நாற்காலியிலிருந்து எழுந்து பையை எடுத்தார். "சரி மாப்ள, நான் கெளம்பறேன். சங்கிலியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இதே மாதிரி வெச்சிக்க, போதும்."

நான் பேசாமல் இருந்திருந்தால் அவர் போயிருப்பார். அவள் தப்பித்துவிட்டாள் என்று தெருவும் நினைத்திருக்கும். இதே மாதிரி என்று அவர் சொன்னதுதான் என்னைப் பேச வைத்தது.

"இல்ல மச்சான். டாக்டர் சொன்னது அரை. நான் பயத்துல முழுசா குடுத்துட்டேன். இது அடக்கம் இல்ல, இவளுக்கு உடம்பு முடியல. நாளைலேர்ந்து இவ ஓடத்தான் செய்வா."

அவர் பை கையில் இருந்தபடியே என்னைப் பார்த்தார். "அப்ப கூட்டிக்கினு வா. பேச்சு பேச்சுதான்."

"எங்கயும் அனுப்ப மாட்டேன்."

"தெருவுக்கு எவன் பதில் சொல்வான்?"

"நான் சொல்றேன்."

என் மனைவி வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்த்து, மகளின் கையைப் பார்த்தாள். "என்னா குடுத்தீங்க?" என்றாள். சொன்னேன். அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் நின்றேன். நடுத்தெருவில் என் பாவு, பாதி கஞ்சி, பாதி வெறும் பட்டு. வெயில் ஓட்டுக்கு மேலே வந்துகொண்டிருந்தது. அப்படி விட்டுவிட்டுப் போன நெசவாளியை நான் பார்த்ததில்லை.

எதிர்வீட்டுக்காரர், அவருடைய பாவைத்தான் அவள் அறுத்தது, என் கையிலிருந்து தூரிகையை வாங்கினார்.

"போபா. நாங்க சுருட்டிக்கறோம்."

"அண்ணே..."

"போன்னா போ. நின்னுக்கினு இருந்தா காஞ்சிடும்."

மெட்ராஸ் போகிற வரைக்கும் அவள் நெஞ்சில் வைத்த கையை நான் எடுக்கவில்லை. டாக்டர் நாடி பார்த்தார், தண்ணீர் கொடுத்துச் சாயந்திரம் வரைக்கும் படுக்க வைத்தார். அன்றைக்குத் திட்டினார். சாயக் கணக்கைச் சொன்னேன். "இது பட்டு இல்லய்யா" என்றார். நாலு மணி வாக்கில் அவள் எழுந்து கட்டிலுக்கு அடியில் இருந்த எதையோ இழுத்துத் தடால் என்று தள்ளினாள். நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இரண்டு நாள் நிறுத்திவிட்டு மறுபடியும் அரை. மூன்று வருஷம் மாசாமாசம் போனோம். கோர்வைக்கு அவளை உட்காரவைப்பதை அன்றோடு விட்டுவிட்டேன். ராட்டையை நிறுத்திவிட்டு என் மனைவி வந்து உட்கார்ந்தாள். மச்சான் எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் கை நனைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்தார், அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த தடவை எதிர்வீட்டுப் பாவு நீட்டியபோது அவள் வெளியேதான் இருந்தாள், அரை மாத்திரையோடு. ஓடினாள். சுற்றிக்கொண்டுதான் ஓடினாள், ஆனால் திரும்பி வரும்போது ஒரு மூங்கில் காலில் இடித்துக்கொண்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போய் உட்கார்ந்து பார்த்தேன்.

"எவ்ளோ போச்சி?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"மூணு இழைண்ணே."

"மூணுதானே. முடிச்சுப் போடு" என்றார். போட்டேன்.